துளி டோஸ் மனச்சோர்வு மாத்திரை... மூளையின் 'சொந்த ஸ்டீராய்டை' தூண்டிவிடுமா?

ஸ்டீராய்டு என்று சொன்னதும் பலருக்கும் ஞாபகம் வருவது இரண்டுதான். ஒன்று, சீக்கிரம் உடம்பை ஏற்ற ஜிம்மில் சிலர் போட்டுக்கொள்ளும் ஊசி. இன்னொன்று, வீசிங் வந்தாலோ தோலில் அலர்ஜி வந்தாலோ டாக்டர் எழுதித் தரும் மாத்திரை. மூன்றாவது வகை ஒன்றும் இருக்கு. அதை எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம். நம் மூளையே தயாரித்துக்கொள்கிறது.

அதில் முக்கியமான ஒன்றின் பெயர் அல்லோபிரெக்னனலோன். பதற்றத்தைத் தணிப்பது, தூக்கத்துக்கு உதவுவது, வலிப்பை அடக்குவது எனப் பல வேலைகளில் இதற்குப் பங்கு உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரையை வழக்கத்தை விட மிக மிகக் குறைவான அளவில் கொடுத்தாலே, மூளையில் இந்த ஸ்டீராய்டின் அளவு ஏறுகிறது என்கின்றன சில விலங்கு ஆய்வுகள்.

அப்படியென்றால் மனிதர்களுக்கும் துளி டோஸ் போதுமா? மாத்திரையை உடைத்துக் கொஞ்சமாகப் போட்டால், பக்க விளைவு இல்லாமல் பலன் மட்டும் கிடைக்குமா? கேள்வி எளிது. பதில்தான் கொஞ்சம் சுற்றிப் போகிறது.

மூளைக்குள் ஸ்டீராய்டா?

1941-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி ஒரு விநோதத்தைக் கவனித்தார். புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை எலிகளுக்கு அதிக அளவில் செலுத்தியபோது, அவை மயக்க மருந்து கொடுத்தது போலத் தூங்கிவிட்டன. கர்ப்பத்தோடு தொடர்புடைய ஹார்மோனுக்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அப்போது விடை கிடைக்கவில்லை.

நாற்பது வருஷம் கழித்து, 1981-ல் பிரான்ஸில் எட்டியென் எமில் போலியு குழு அடுத்த முடிச்சை அவிழ்த்தது. கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்த அதே போலியுதான். ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பிகளையும் விதைப்பைகளையும் எலிகளிடமிருந்து அகற்றிய பிறகும், அவற்றின் மூளையில் ஒரு ஸ்டீராய்டு தொடர்ந்து இருந்தது. அதுவும் ரத்தத்தில் இருப்பதை விட அதிகமாக! வெளியிலிருந்து வரவில்லை என்றால் உள்ளேயேதான் தயாராகிறது. இவற்றுக்கு 'நியூரோஸ்டீராய்டு' என்று பெயர் வைத்தார் போலியு.

செல்யேவின் எலிகள் ஏன் தூங்கின என்பதற்கான விடை 1986-ல் வந்தது. மரியா மயேவ்ஸ்கா உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், புரோஜெஸ்டிரோன் உடைந்து உருவாகும் பொருள்கள் மூளையில் 'காபா-ஏ' என்ற ஏற்பிகளில் வேலை செய்வதைக் காட்டினார்கள்.

காபா என்பது மூளையின் பிரேக். நரம்பு செல்கள் அளவுக்கு மீறித் துடிக்கும்போது அவற்றை அடக்கும் ரசாயனம் அது. தூக்க மாத்திரைகளும் பதற்றத்துக்கான டயாஸெபம் வகை மாத்திரைகளும் இந்த பிரேக்கைத்தான் அழுத்துகின்றன. மதுவும் அப்படித்தான். அல்லோபிரெக்னனலோன், உடம்பே தயாரிக்கும் அப்படியொரு பிரேக் ஆயில் என்று வைத்துக்கொள்ளலாம். அது இருக்கும்போது காபாவின் பிடி இன்னும் இறுகுகிறது.

செரட்டோனின் கதையில் ஓர் இடறல்

ஃப்ளுவாக்ஸெடினுக்கு அமெரிக்காவில் 1987 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. 'புரோசாக்' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பிரபலமானது. இது எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற மருந்து வகையைச் சேர்ந்தது. நரம்பு செல்கள் வெளியே விட்ட செரட்டோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் இந்த மருந்துகள் தடுக்கின்றன. அதனால் மூளையில் செரட்டோனின் கூடுகிறது, மனநிலை மேம்படுகிறது. இதுதான் எல்லாரும் கேட்டுப் பழகிய விளக்கம்.

இதில் ஒரு இடறல் உண்டு. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே செரட்டோனின் உறிஞ்சப்படுவது தடைபடுகிறது. ஆனால், மனச்சோர்வு குறைய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகிறது. ஏன் இந்தத் தாமதம்?

இதற்கு நேர் எதிராக இன்னொரு புதிர். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வரும் கடுமையான மனநிலைக் கோளாறுக்கு இதே மாத்திரையைக் கொடுத்தால், சில நாட்களிலேயே பலன் தெரிகிறது. ஒரே மருந்து, ஒரு நோயில் வாரக்கணக்கில் இழுக்கிறது. இன்னொன்றில் உடனே வேலை செய்கிறது. அப்படியானால் செரட்டோனினைத் தாண்டி வேறு ஏதாவது நடக்கிறதா என்ற சந்தேகம் எழுந்தது.

சிகாகோ சுண்டெலிகள்

அந்தச் சந்தேகத்தைத் துரத்தியவர்கள் அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். எர்மினியோ கோஸ்டா, அலெசாண்ட்ரோ குய்டோட்டி, பிறகு கிராசியானோ பின்னா ஆகியோரின் பெயர்கள் இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும். ஃப்ளுவாக்ஸெடின் கொடுத்த எலிகளின் மூளையில் அல்லோபிரெக்னனலோன் அதிகரிப்பதை 1996-ல் இவர்கள் தெரிவித்தனர்.

1998-ல் மனிதர்களிடம் பார்த்தார்கள். கடும் மனச்சோர்வு உள்ளவர்களின் மூளை – தண்டுவட நீரில் இந்த ஸ்டீராய்டு சுமார் 60 சதவீதம் குறைவாக இருந்தது. ஃப்ளுவாக்ஸெடின் அல்லது ஃப்ளுவோக்ஸமின் மாத்திரையை 8 முதல் 10 வாரம் எடுத்த பிறகு அளவு ஏறியது. யாருக்கு அதிகம் ஏறியதோ, அவர்களுக்கு அறிகுறிகளும் அதிகம் குறைந்திருந்தன. ஆனால், அது மிகச் சில நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்கக் கூடாது.

இந்தக் கதையில் திருப்பம் கொடுத்தது சுண்டெலிகள்தான். ஆண் சுண்டெலியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, பல வாரங்கள் தனிக்கூண்டில் வைத்தால் அது மூர்க்கமாகிவிடும். புதிதாக ஒரு சுண்டெலியைக் கூண்டில் விட்டால் பாய்ந்து கடிக்கும். அந்த நேரத்தில் அதன் மூளையில் அல்லோபிரெக்னனலோன் வெகுவாகக் குறைந்திருக்கும். ஃப்ளுவாக்ஸெடின் கொடுத்தால் ஸ்டீராய்டு பழைய நிலைக்கு வருகிறது, மூர்க்கமும் அடங்குகிறது.

சரி, இதில் என்ன திருப்பம்? இதற்குத் தேவைப்பட்ட டோஸ், செரட்டோனின் உறிஞ்சப்படுவதைத் தடுக்கத் தேவையான டோஸை விடப் பல மடங்கு குறைவு. அதாவது செரட்டோனின் பக்கம் அசையாமலேயே ஸ்டீராய்டு ஏறியது.

இன்னொரு ஆதாரமும் இருந்தது. ஃப்ளுவாக்ஸெடின் மூலக்கூறுக்கு நம் இடது கை, வலது கை போல இரண்டு வடிவங்கள் உண்டு. செரட்டோனினைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால், ஸ்டீராய்டை ஏற்றுவதில் ஒரு வடிவம் மற்றதை விடக் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தது. 2006-ல் இதை வெளியிட்ட சிகாகோ குழு, குறைந்த டோஸில் இவற்றை 'மூளை ஸ்டீராய்டு தூண்டிகள்' என்றே கூப்பிட வேண்டும் என்ற யோசனையை முன்வைத்தது.

எப்படி ஏறுகிறது? அங்கேதான் சண்டை!

மூளையில் அல்லோபிரெக்னனலோன் தயாராவது இரண்டு படிகளில். முதல் படியில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி புரோஜெஸ்டிரோனை மாற்றுகிறது. இரண்டாவது படியில் இன்னொரு நொதி அதை அல்லோபிரெக்னனலோனாக முடித்துக் கொடுக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் லிசா கிரிஃபின், சிந்தியா மெல்லன் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ரலின், பராக்ஸெடின் ஆகிய மூன்றும் இந்த இரண்டாவது நொதியை நேரடியாக வேகப்படுத்துவதாகச் சொன்னார்கள். பழைய தலைமுறை மருந்தான இமிப்ரமின் அப்படிச் செய்யவில்லை. விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது.

ஆனால், 2002-ல் வேறொரு குழு அதே நொதியைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சோதித்தபோது, அந்த வேகம் தென்படவில்லை. ஸ்டீராய்டு ஏறுவதைப் பல விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. எந்தக் கதவு வழியாக ஏறுகிறது என்பதில்தான் ஒருமித்த கருத்து இல்லை.

மாதவிடாய்க்கு முந்தைய அந்த நாட்கள்

இந்த ஆய்வால் அதிகம் பலன் பெறக்கூடியவர்கள் யார்? பி.எம்.டி.டி. எனப்படும் பிரச்சினையோடு மாதாமாதம் போராடும் பெண்கள். மாதவிடாய்க்கு முன்பு பலருக்கும் வரும் எரிச்சல், உடல்வலி வேறு. இது வேறு. கட்டுப்படுத்த முடியாத கோபம், அழுகை, நம்பிக்கையின்மை, சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகும். மாதவிடாய் தொடங்கிய சில நாட்களில் எல்லாம் வடிந்துவிடும். அடுத்த மாதம் மறுபடியும் அதே கதை. 'இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதானே' என்று வீட்டிலும் ஆபீஸிலும் ஒதுக்கப்பட்ட இந்தப் பிரச்சினை, 2013-ல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடான டி.எஸ்.எம்-5-ல் தனி நோயாக இடம்பெற்றது. மாதவிடாய் வரும் வயதில் உள்ள பெண்களில் 1.8 முதல் 5.8 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்பது அந்தக் கையேட்டின் மதிப்பீடு.

கருமுட்டை வெளியான பிறகு புரோஜெஸ்டிரோன் ஏறும். அதோடு அல்லோபிரெக்னனலோனும் ஏறும். மாதவிடாய் நெருங்கும்போது இரண்டும் சரியும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில்தான் அறிகுறிகள் வருகின்றன. எனவே எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரையைத் தினமும் எடுக்காமல், மாதவிடாய்க்கு முந்தைய சுமார் இரண்டு வாரங்கள் மட்டும் எடுக்கும் முறையும் மருத்துவத்தில் உண்டு. 2024-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, இந்த மருந்துகள் அறிகுறிகளைக் குறைக்கின்றன என்றும், தினமும் எடுப்பது கூடுதல் பலன் தரக்கூடும் என்றும் சொல்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தச் சிகிச்சையில் தரப்படுவது பொதுவாக 10 முதல் 20 மில்லிகிராம் ஃப்ளுவாக்ஸெடின். இது வழக்கமான டோஸ்தான், துளி டோஸ் கிடையாது. கனடாவில் நடந்து 1995-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில் 20 மில்லிகிராமும் 60 மில்லிகிராமும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்தன. 60-ல் பக்க விளைவுதான் கூடியது. 'அதிகம் போட்டால் அதிகப் பலன்' என்ற கணக்கு இதில் எடுபடவில்லை.

துளி டோஸ் பற்றிய நேரடி ஆதாரம் மறுபடியும் எலிகளிடம்தான் இருக்கிறது. தெல்மா லோவிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பெண் எலிகளின் ஹார்மோன் சுழற்சியில் புரோஜெஸ்டிரோன் சரியும் கட்டத்தில் மட்டும் குறைந்த அளவு ஃப்ளுவாக்ஸெடின் கொடுத்தார்கள். அந்தக் கட்டத்தில் வழக்கமாக எலிகளுக்கு வரும் அதீதப் பதற்றம் வரவில்லை. அதற்குக் காரணம் செரட்டோனின் அல்ல, அல்லோபிரெக்னனலோன் ஏறியதே என்பது அவர்களின் முடிவு.

ஆனா, கதை அவ்வளவு நேர் கிடையாது

'அல்லோபிரெக்னனலோன் குறைஞ்சா பிரச்சினை, ஏத்தினா சரியாயிடும்' என்று எடுத்துக்கொண்டால் தப்பு. 2016-ல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் ஒரு சோதனையை வெளியிட்டது. பி.எம்.டி.டி. உள்ள பெண்களுக்கு, இந்த ஸ்டீராய்டு தயாராவதையே தடுக்கும் டூட்டாஸ்டரைடு என்ற மருந்தைக் கொடுத்தார்கள். அளவு ஏறாமல் நிறுத்தப்பட்டபோது அறிகுறிகள் குறைந்தன!

ஏற்றினாலும் குணம், ஏறாமல் தடுத்தாலும் குணமா? ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: இந்தப் பெண்களுக்கு ஸ்டீராய்டின் அளவு பிரச்சினை இல்லை, அந்த அளவு திடீரென மாறும்போது காபா ஏற்பிகள் அதற்கேற்ப மாறிக்கொள்ளாததுதான் பிரச்சினை. மேடு பள்ளம் இல்லாத ரோடு மாதிரி அளவு சீராக இருந்தால் போதும். அது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்பது இரண்டாம்பட்சம். இது உறுதியான முடிவு ஆகிவிடவில்லை. ஆனால், ஒரே ஸ்டீராய்டு ஒருவருக்கு அமைதியையும் இன்னொருவருக்குப் பதற்றத்தையும் தரக்கூடும் என்பதை இந்தச் சோதனை காட்டிவிட்டது.

மருந்து நிறுவனங்கள் எடுத்த நேர்வழி

'தூண்டுவது எதுக்கு, அந்த ஸ்டீராய்டையே கொடுத்துட்டா என்ன?' என்று கேட்டவர்களும் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அல்லோபிரெக்னனலோன் உச்சத்தில் இருக்கும். குழந்தை பிறந்ததும் சட்டென்று சரியும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு இந்தச் சரிவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற அடிப்படையில் உருவானது பிரெக்ஸனலோன். அது வேறொன்றும் இல்லை, அல்லோபிரெக்னனலோனேதான், மருந்தாக.

2019 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. சிக்கல் என்னவென்றால், தொடர்ந்து 60 மணி நேரம் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். திடீரென மயக்கம் வரலாம் என்பதால் கண்காணிப்பிலேயே இருக்க வேண்டும். விலையோ சுமார் 34 ஆயிரம் டாலர். பச்சைக் குழந்தையை வைத்திருக்கும் எத்தனை அம்மாக்களால் இது முடியும்? இப்போது அந்த மருந்து சந்தையில் இல்லை.

அடுத்து 2023 ஆகஸ்டில் சூரனலோன் என்ற கேப்ஸ்யூல் வந்தது. 14 நாட்கள், தினமும் மாலையில் ஒருமுறை. எடுத்த 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கையோடு அனுமதி கிடைத்தது. ஆனால், பொதுவான மனச்சோர்வுக்கும் அனுமதி கேட்டபோது, ஆதாரம் போதாது என எஃப்.டி.ஏ. மறுத்துவிட்டது. ஸ்டீராய்டை ஏற்றினால் எல்லா மனச்சோர்வும் தீரும் என்பதற்கு இது ஒரு கடிவாளம்.

அப்போ துளி டோஸ் மனிதர்களுக்கு உதவுமா?

இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. சுண்டெலியில் 'செரட்டோனினைத் தொடாத' டோஸ் என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட முடிந்தது. மனித மூளையில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை.

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகளின் குறைந்தபட்ச வழக்கமான டோஸே, செரட்டோனினை உறிஞ்சும் வாசல்களில் சுமார் 80 சதவீதத்தை அடைத்துவிடுகிறது என்று மூளை ஸ்கேன் ஆய்வுகள் சொல்கின்றன. டோஸைப் பாதியாக்கினால் இந்த அடைப்பும் பாதியாகாது, கொஞ்சம்தான் இறங்கும். மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் 2019-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் சுட்டிக்காட்டியது இதைத்தான். ஓரிரு மில்லிகிராம் கூட இந்த வாசல்களில் கணிசமான பங்கைப் பிடித்துவைத்திருக்கும். மாத்திரையை நிறுத்தும்போது கடைசிக் கட்டத்தில் மிக மிக மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதும் அதனால்தான்.

அதாவது, 'துளி டோஸ் போட்டா ஸ்டீராய்டு மட்டும் ஏறும், செரட்டோனின் பக்கம் எதுவும் ஆகாது' என்ற வாக்குறுதியை மனிதர்களுக்கு இப்போதைக்கு யாராலும் கொடுக்க முடியாது. எலிக்குப் பொருந்திய கணக்கை எடைக்கு ஏற்பப் பெருக்கி மனிதனுக்குப் பொருத்தவும் முடியாது. இரண்டு உடம்பும் மருந்தை உடைக்கும் வேகமே வேறு.

கேப்ஸ்யூலைத் திறந்து நாமே குறைச்சுக்கலாமா?

வேண்டாம். காரணங்கள் இவை:

* ஃப்ளுவாக்ஸெடின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். அது உடைந்து உருவாகும் நார்ஃப்ளுவாக்ஸெடின் பாதியாகக் குறையவே ஒன்று, இரண்டு வாரம் ஆகலாம். இன்று போட்ட 'துளி' நாளைய துளியோடு சேர்ந்துகொண்டே போகும்.

* டிரமடால் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு, அந்த மருந்தின் பலனை ஃப்ளுவாக்ஸெடின் குறைக்கக்கூடும்.

* பைபோலார் பிரச்சினை உள்ளவர்களுக்கு மனநிலை எதிர்ப்பக்கமாக எகிறலாம். 24 வயது வரையிலானவர்களுக்குத் தற்கொலை எண்ணம் பற்றிய கட்ட எச்சரிக்கை, அமெரிக்காவில் இந்த மருந்துகளின் லேபிளில் இருக்கிறது.

* ஏற்கெனவே டாக்டர் சொன்ன டோஸில் இருப்பவர்கள், பக்க விளைவுக்குப் பயந்து தாங்களாகக் குறைத்தால் தலைசுற்றல், தூக்கமின்மை, மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரலாம். அதை விட முக்கியம், பழைய மனச்சோர்வே திரும்பலாம்.

இந்தியாவில் இது டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 'குறைக்க முடியுமா?' என்று அதே டாக்டரிடம் கேட்பது உங்கள் உரிமை. மாதவிடாய்க்கு முன்பு மட்டும் பிரச்சினை என்றால், இரண்டு மாதம் தினமும் மனநிலையைக் குறித்துவைத்து அந்தக் குறிப்போடு போனால், நோயைக் கண்டுபிடிப்பதும் சுலபம். எந்த நாட்களில் மாத்திரை வேண்டும் என்று முடிவெடுப்பதும் சுலபம்.

முடி கொட்டாமல் இருக்கப் போடும் மாத்திரைக்கும் தொடர்பு உண்டு!

இந்த ஆய்வுகளால் இப்போதே பலருக்கும் பயன்படும் ஒரு பாடம் இருக்கிறது. அல்லோபிரெக்னனலோன் தயாராகும் முதல் படியில் வேலை செய்யும் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதியை ஞாபகம் இருக்கிறதா? ஆண்களின் வழுக்கைக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு தடுப்பது அதே நொதியைத்தான். அந்த மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை, உறுதிசெய்யப்பட்ட பக்க விளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025-ல் அறிவித்தது. அதற்கு மூளை ஸ்டீராய்டு குறைவதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால், முடிக்காக மாத்திரை போட ஆரம்பித்த பிறகு காரணமே இல்லாமல் மனம் சோர்ந்துபோனால், 'இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்வது நல்லது.

துளி டோஸ் மாத்திரை என்பது இன்றைக்கு ஒரு சிகிச்சை அல்ல. நல்ல ஆய்வுக் கேள்வி. மனிதர்களிடம் போதுமான எண்ணிக்கையில், சரியான ஒப்பீட்டோடு சோதனைகள் நடந்தால்தான் அது மருந்துச் சீட்டுக்கு வரும். வந்தால், மாதத்தில் ஒரு வாரத்தை இருட்டில் கழிக்கும் பெண்களுக்கு, பக்க விளைவு குறைந்த, விலையும் குறைந்த ஒரு வழி கிடைக்கும். பல வருஷங்களாகப் புழக்கத்தில் உள்ள பழைய மாத்திரை என்பதால் 34 ஆயிரம் டாலர் கேள்வியும் எழாது.

மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் இருந்தால் மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலும் பேசலாம்.